இறங்கிய கண்ணாடி ஏறாதபோது

டோல்கேட்டில் சில்லறை கொடுக்கக் கண்ணாடியை இறக்கியிருப்பீர்கள். மறுபடி ஏற்றப் பட்டனைத் தொட்டால் ஒரு சத்தமும் வராது. ஐப்பசி மழையாக இருந்தால் வலது தோள் நனைந்துகொண்டே வீடு வந்து சேர வேண்டியதுதான். பத்துப் பதினைந்து வருடம் ஓடிய டபுள் கேப் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இது பழக்கப்பட்ட தொல்லை. மறுநாள் பட்டறைக்குப் போனால் பெரும்பாலும் முதலில் கேட்கும் வார்த்தை, "மோட்டார் போயிருக்கும் சார்." மோட்டாரும் போகும்தான். ஆனால் பழைய வண்டியில் அதை நான் கடைசியாகத்தான் சந்தேகிப்பேன். அதற்கான காரணம்தான் இந்த அத்தியாயம்.

இங்கே சொல்வதெல்லாம் மோட்டாருக்கு இரண்டே வயர் போகிற பழைய அமைப்புக்குப் பொருந்தும். கை இடுக்கில் சிக்கினால் தானே திரும்பி இறங்கும் கண்ணாடி உள்ள வண்டிகளில் மோட்டாருக்குள்ளேயே எலெக்ட்ரானிக்ஸ் இருக்கும், ஐந்தாறு வயர் போகும். அவற்றில் இந்த வைத்தியத்தைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யக் கூடாது.

முதலில் கண்ணாடியை மேலே கொண்டுவருவோம். இந்த முதலுதவியைக் கவனமாகச் செய்தால் கோளாறு எங்கே என்பதையும் பாதி சொல்லிவிடும். சாவியைப் போட்டு, ஏற்றும் பட்டனைப் பிடித்தபடி, கதவின் உள்பக்கத்தில் மோட்டார் இருக்கும் இடத்தை மூடிய கையால் ஓங்கித் தட்டுங்கள். கண்ணாடி குலுங்கி ஏறினால் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. ஏறவில்லையா? பட்டனை விடாமல் கதவைத் திறந்து மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஏதோ ஒரு கோணத்தில் மோட்டார் உயிர் பெற்றால், கதவுக்கும் வண்டி உடலுக்கும் இடையே வயர் அறுந்திருக்கிறது. அதுவும் இல்லையென்றால், ஒருவர் பட்டனைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கண்ணாடியின் இரு பக்கமும் உள்ளங்கைகளை அழுத்தி மேல்நோக்கித் தள்ள வேண்டும். அப்படித் தள்ளும்போது தானாகவே ஏறத் தொடங்கினால் கண்ணாடி ஓடும் ரப்பர் இறுகிப்போயிருக்கலாம், மின்சாரம் மெலிந்தும் வந்துகொண்டிருக்கலாம். மூன்றில் எது பலித்தது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கேள்வி, ஒரு கண்ணாடி மட்டும் நிற்கிறதா, எல்லாமேவா? எல்லாம் நின்றுபோனால் உடனே கதவைத் தொட வேண்டாம். ஃபியூஸ், ரிலே, ஓட்டுநர் கதவிலுள்ள மெயின் ஸ்விட்சுக்கு வரும் லைன், அதன் எர்த். இந்த நான்கில் ஒன்றுதான். ஃபியூஸ் 20 முதல் 30 ஆம்பியருக்குள் இருக்கும். போயிருந்தால் அதே அளவு போடுங்கள். பெரிதாகப் போட்டாலோ சிகரெட் டப்பாத் தாளைச் சுற்றினாலோ அடுத்து உருகப்போவது வயர். ரிலேயில் 30, 87, 85, 86 என்று எண்கள் இருக்கும். 85, 86 காயிலுக்கு. 30, 87 கரண்ட் கடக்கும் காண்டாக்ட். சாவி போட்டதும் 'டிக்' என்று சத்தம் கேட்டால் காயில் வேலை செய்கிறது என்று மட்டுமே பொருள். காண்டாக்ட் கருகியிருந்தாலும் அதே 'டிக்' கேட்கும். பக்கத்தில் அதே எண் அச்சிட்ட ரிலே வேறு வேலைக்கு இருந்தால் இடம் மாற்றிப் பார்த்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

ஒரு கண்ணாடி மட்டும் தகராறு செய்தால்தான் மூளைக்கு வேலை. அதற்கு முன் இந்தச் சர்க்யூட்டின் ஒரு வினோதத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

மோட்டாருக்குப் போகும் இரண்டு வயரும், யாரும் பட்டனைத் தொடாதபோது, ஸ்விட்ச் வழியாக எர்த்தில் நிற்கின்றன. ஏற்றும் பட்டனைத் தொட்டால் ஒரு வயர் மட்டும் எர்த்தை விட்டு விலகி 12 வோல்ட்டுக்குப் போகிறது. மற்றது எர்த்திலேயே இருக்கிறது. மோட்டார் ஒரு பக்கம் சுற்றும். இறக்கும் பட்டனைத் தொட்டால் பாத்திரங்கள் இடம் மாறும், மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும். மேலே போக, கீழே வர, இரண்டுக்கும் அதே மோட்டார், அதே இரண்டு வயர்.

இதிலிருந்து நேராக ஒரு தீர்ப்பு கிடைக்கிறது. ஓட்டுநர் கண்ணாடி விறுவிறுவென்று இறங்கி, ஏற மட்டும் மாட்டேன் என்று அசைவே இல்லாமல் நின்றால், மோட்டார் குற்றவாளி இல்லை. அதற்குப் போகும் வயரும் இல்லை. மிஞ்சுவது ஸ்விட்சுக்குள் இருக்கும் காண்டாக்ட். ஒரே ஒரு விலக்கு உண்டு: ஏறுவதற்கு இறங்குவதைவிட அதிக பலம் தேவை. மெலிந்த கரண்டில் இறங்குவது இறங்கும், ஏறுவது திணறும். திணறினால், முனகினால் அது வேறு கணக்கு. மௌனமாக இருந்தால் ஸ்விட்ச்.

இடது பக்கக் கதவு இன்னும் சுவாரஸ்யம். அந்தக் கண்ணாடிக்கு இரண்டு ஸ்விட்ச்: அந்தக் கதவிலேயே ஒன்று, ஓட்டுநர் கதவின் மெயின் ஸ்விட்சில் ஒன்று. இடது கதவின் ஸ்விட்சுக்குத் தனி எர்த் கிடையாது. தன் எர்த்தை அது மெயின் ஸ்விட்சிலிருந்து இரண்டு நீண்ட வயர் வழியாகக் கடன் வாங்குகிறது. அந்த வயர்கள் ஓட்டுநர் கதவிலிருந்து கிளம்பி, டாஷ்போர்டுக்கு அடியில் வண்டியின் அகலத்தைக் கடந்து, இடது கதவுக்குள் நுழைகின்றன. ஆகவே இடது கண்ணாடியின் நோய் வலது கதவில் குடியிருக்க முடியும். இதை அறியாமல் இடது கதவைப் பிரித்துப் போட்டு நாள் முழுக்க உட்கார்ந்தவர்கள் பலர். நானும் ஒரு முறை புது மோட்டார் வாங்கி மாட்டி, அதுவும் ஓடாமல், பழையதையே திரும்ப மாட்டியிருக்கிறேன். அறுந்திருந்தது ஓட்டுநர் கதவோரத்தில் ஒரு வயர்.

நான்கு சோதனை செய்யுங்கள்: இடது கதவு ஸ்விட்சில் ஏற்றம், இறக்கம், மெயின் ஸ்விட்சில் ஏற்றம், இறக்கம். இறங்கும் வேலை இரண்டு இடத்திலிருந்தும் நடந்து, ஏறும் வேலை இரண்டு இடத்திலிருந்தும் நடக்கவில்லை என்றால், மெயின் ஸ்விட்சுக்குள் ஓர் எர்த் காண்டாக்ட் கருகியிருக்கிறது. மெயினிலிருந்து எதுவுமே நடக்காமல், இடது ஸ்விட்சில் ஒரு திசை மட்டும் நடந்தால், அந்த இரண்டு நீண்ட வயரில் ஒன்று அறுந்திருக்கிறது. மெயினிலிருந்து எல்லாம் நடந்து, இடது ஸ்விட்சில் எதுவுமே நடக்கவில்லையென்றால் இடது ஸ்விட்சுக்கு வரும் 12 வோல்ட் லைன் இல்லை. அதற்கு முன் மெயின் ஸ்விட்சிலுள்ள லாக் பட்டன் அமுங்கியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். குழந்தை விளையாட்டாக அமுக்கியதற்குப் பட்டறையில் காசு கொடுத்த கதையும் உண்டு. நான்கும் நடக்கவில்லை என்றால்தான் இடது மோட்டார் பக்கம் திரும்ப வேண்டும்.

ஓர் ஓரமாக இந்தச் சர்க்யூட்டின் படத்தைக் காகிதத்தில் வரைந்து, நான்கு சோதனையையும் விரலால் தடவிப் பாருங்கள். வயர் நிறங்களை மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். டொயோட்டாவில் வெள்ளையில் கறுப்புக் கோடு போட்ட வயர் எர்த். வேறு கம்பெனி வண்டியில் அந்தப் பழக்கம் செல்லாது. இரண்டாம் கை வண்டி என்றால், முன்பு கை வைத்தவர் கையில் எந்த நிறம் இருந்ததோ அதைச் சேர்த்திருப்பார்.

இனிக் கதவைத் திறப்போம். டோர் பேடின் திருகுகள் கைப்பிடிக் குழியிலும் ஆர்ம்ரெஸ்ட் அடியிலும் சிறு மூடிகளுக்குப் பின்னே ஒளிந்திருக்கும். அவற்றை எடுத்தபின், கீழ் ஓரத்திலிருந்து விரலை விட்டு கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவித்து, கடைசியில் பேடை மேல்நோக்கித் தூக்கி எடுக்க வேண்டும். பழைய பிளாஸ்டிக் கிளிப் இரண்டாவது உடையும். அரை டஜன் வாங்கி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். உள்ளே ஒரு பாலிதீன் தாள், கறுப்புப் பிசினால் ஒட்டியிருக்கும். வண்டியைக் கொஞ்ச நேரம் வெயிலில் நிறுத்தினால் பிசின் இளகும், கிழியாமல் வரும். அந்தத் தாளைப் பத்திரப்படுத்துங்கள்.

இப்போது மல்டிமீட்டரைப் பற்றிக் கொஞ்சம் கசப்பாகப் பேச வேண்டும். மோட்டாருக்கு வரும் வயர்களின் இணைப்பான கப்ளரைக் கழற்றி, பட்டனை அழுத்தி மீட்டரை வைத்தால் 12 வோல்ட் காட்டும். "கரண்ட் வருது, மோட்டார்தான் போச்சு" என்று முடிவு கட்டிவிடுவார்கள். மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமில்லாத அளவு. வயரில் முப்பது இழை இருந்து இருபத்தொன்பது அறுந்து ஒன்றில் தொங்கினாலும் மீட்டருக்கு 12 வோல்ட் தெரியும். மோட்டாரோ ஓடும்போது ஐந்து முதல் பத்து ஆம்பியர் கேட்கும். சிக்கி நின்றால் இன்னும் அதிகம். ஒற்றை இழையால் அதைக் கொடுக்க முடியாது. குழாயைத் திறக்காமல் தொட்டியில் தண்ணீர் மட்டம் பார்ப்பது போலத்தான் இது.

ஆகவே மோட்டார் இருந்த இடத்தில் சுமை ஒன்றை வையுங்கள். பழைய ஹெட்லைட் பல்பு இதற்குப் போதும். 60 வாட் பல்பு ஏறத்தாழ 5 ஆம்பியர் இழுக்கும். இரண்டு வயரைப் பல்பில் கோத்து, கப்ளரின் இரு முனையிலும் பொருத்தி, பட்டனை ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் அழுத்துங்கள். இரண்டு திசையிலும் பல்பு பளீரென்று எரிந்தால் வயரிங் நல்லது. மோட்டாரையோ கண்ணாடியைத் தூக்கும் விண்டோ மெஷினையோ பாருங்கள். மங்கலாக எரிந்தால், ஒரு திசையில் எரியாவிட்டால், மோட்டாரை மறந்துவிட்டு வயரைத் தேடுங்கள். பல்பு சட்டென்று கொதிக்கும், சீட்டில் வைத்துவிடாதீர்கள்.

மங்கல் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க இப்போது மீட்டர் உதவும், பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறு முனையைப் பல்பின் லைன் பக்கத்திலும் வையுங்கள். நீளம் போதாது என்றால் ஒரு வயரை இழுத்துக்கொள்ளலாம். வழியில் தொலைந்துபோகும் வோல்ட் அப்படியே தெரியும். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் பழைய வண்டிக்கு நல்ல மதிப்பெண். ஒரு வோல்ட்டைத் தாண்டினால் அந்த வழியில் திருடன் இருக்கிறான். அதே போல் பல்பின் எர்த் பக்கத்துக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே. என் அனுபவத்தில் எர்த் பக்கம்தான் அதிகம் பிடிபடுகிறது. கால் வைக்கும் இடத்தின் பக்கவாட்டுத் தகட்டில் எர்த் லக்கைப் போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். மிதியடி நனைந்தே கிடக்கும் வண்டியில் அது துருவில் மிதக்கும். கழற்றி, தகடு பளபளக்கும்வரை உப்புத்தாள் போட்டு, இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவுங்கள். கண்ணாடிப் பட்டனை அழுத்தும்போது கதவுப் பூட்டு தானாகத் துடித்தாலோ விளக்கு மங்கினாலோ இந்த போல்ட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மோட்டாருக்குப் பேட்டரி கரண்டை நேரடியாகக் கொடுத்துப் பார்க்கும் வழக்கம் உண்டு. நல்ல சோதனைதான். ஆனால் கப்ளரைக் கழற்றிவிட்டு மோட்டார் பக்க முனைகளுக்கு மட்டுமே கொடுங்கள், நடுவில் 20 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று இருக்கட்டும். கப்ளர் மாட்டியிருக்கும்போதே பின்பக்கமாகக் குத்திக் கொடுத்தால், சும்மா இருக்கும்போது இரண்டு வயரும் எர்த்தில் நிற்கிறது என்று சொன்னேனே, நேராக ஷார்ட் ஆகும். வழியில் மாட்டிக்கொண்ட இரவில் கண்ணாடியை ஏற்றி மூடவும் இந்த வழி கைகொடுக்கும்.

இப்போது நான் அதிகம் பந்தயம் கட்டும் இடம். கதவைத் திறந்தால் கீல் பக்கத்தில், கதவுக்கும் தூணுக்கும் நடுவே, மடிப்பு மடிப்பாக ஒரு கறுப்பு ரப்பர் குழாய் தெரியும். கடையில் பூட் என்பார்கள். கதவுக்குள் போகும் எல்லா வயரும் இதற்குள்தான். கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அவை மடங்கி நிமிர்கின்றன. ஒரு நாளைக்கு இருபது முறை என்று வைத்தாலும் பத்து வருடத்தில் எழுபதாயிரத்துக்கு மேல். இரும்புக் கம்பியையே மடக்கி மடக்கி உடைக்கிறோம். செம்பு என்ன செய்யும்? ஓட்டுநர் கதவுதான் அதிகம் திறக்கப்படுவது. அந்தக் கதவில்தான் எல்லாக் கண்ணாடிகளுக்குமான மெயின் ஸ்விட்சும்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, பூட்டின் ஒரு முனையைக் குழியிலிருந்து பிதுக்கி எடுத்து மறுபக்கம் தள்ளுங்கள். பார்வைக்கு எல்லா வயரும் முழுசாகவே இருக்கும். மேலுறை உடையாமல் உள்ளே செம்பு மட்டும் அறுவதுதான் இதன் தந்திரம். ஒவ்வொரு வயராக இரு விரலில் பிடித்து மெதுவாக இழுங்கள். நல்ல வயர் விறைப்பாக நிற்கும். அறுந்தது ரப்பர் பேண்டு போல நீளும், ஏனென்றால் நீங்கள் இழுப்பது வெறும் உறையை. தடித்த லைன் வயரும் எர்த் வயரும் முதலில் அறுவது வழக்கம், விறைப்பு அதிகம் என்பதால். உறை வெடித்த இடத்தில் பச்சைத் தூள் இருந்தால் மழைத்தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

இங்கேதான் பலர் கெடுக்கிறார்கள். அறுந்த இரு முனையையும் அங்கேயே முறுக்கி, டேப் சுற்றி, பூட்டை மூடிவிடுவார்கள். மூன்று மாதம் ஓடும். சித்திரை வெயிலில் டேப்பின் பசை உருகி வழியும், முடிச்சு விலகும், பக்கத்து வயரைத் தொடும். சால்டர் வைத்தால் மட்டும் நல்லதா என்றால், மடங்கும் இடத்தில் அதுவும் தப்பு. ஈயம் உறிஞ்சிய பகுதி குச்சி போல விறைத்து, அதன் ஓரத்திலேயே மறுபடி ஒடியும். பூட்டுக்குள் இணைப்பே வரக் கூடாது. அறுந்த வயரைக் கதவுக்குள் ஓரிடத்திலும் வண்டிக்குள் ஓரிடத்திலும் வெட்டி, நடுவில் புது வயர்த் துண்டு ஒன்று பூட் முழுவதையும் கடந்து போகும்படி போடுங்கள். இரு இணைப்பும் மடிப்பிலிருந்து பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் தள்ளி இருக்கட்டும். நல்ல கிரிம்ப்போ சால்டரோ போட்டு, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ். பல வயர் என்றால் இணைப்புகள் ஒரே இடத்தில் குவியாமல் முன்பின்னாக வையுங்கள்; இல்லாவிட்டால் பூட் மூடாது. வயர் வண்டிக்கென்று விற்கும் மெல்லிய இழை ரகமாக, லைனுக்கும் எர்த்துக்கும் 2.5 சதுர மில்லிமீட்டராக இருக்கட்டும். வீட்டு வயரிங்கில் மிஞ்சியது வேண்டாம். கதவை முழுக்கத் திறந்தாலும் இழுபடாத அளவுக்குத் தளர்வு விடுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டாமல் ஒன்றை முடித்து அடுத்ததைத் தொடுங்கள். குறுகிய பூட்டுக்குள் வயர் நுழைய மறுத்தால் சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கும்.

ஸ்விட்ச் பற்றிச் சுருக்கமாக. பிரித்தால் சின்னச் சின்ன ஸ்பிரிங் பறக்கும். ஒரு வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் பிரியுங்கள். கருத்த செம்புக் காண்டாக்டை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, காண்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் பிழைக்கும். தேநீர் கொட்டியதும் மழையில் நனைந்ததும் இதே வைத்தியத்தில் தேறும். குழி விழுந்துவிட்டால் மாற்றுங்கள். சென்னையில் இருப்பவர்களுக்குப் பழைய உதிரிபாகம் வாங்கப் புதுப்பேட்டை இருக்கிறது. ஆனால் கப்ளர் ஒன்று போலப் பொருந்துகிறது என்பதற்காக வாங்கிவிடாதீர்கள். உள் இணைப்பு வேறாக இருக்கலாம்.

இவ்வளவும் தேறி மோட்டார்தான் என்று முடிவானால், அதற்கும் ஒரு கேள்வி. பத்து முறை ஏற்றி இறக்கியதும் நின்று, கால் மணி கழித்து மறுபடி ஓடுகிறதா? மோட்டாருக்குள் இருக்கும் சூட்டுப் பாதுகாப்பு தன் வேலையைச் செய்கிறது. சூடாவதற்குக் காரணம் பெரும்பாலும் கண்ணாடி ஓடும் ரப்பரில் இறுகிய புழுதி. ஈரத்துணியால் துடைத்து, சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள். கிரீஸும் என்ஜின் ஆயிலும் புழுதியைப் பசையாக்கும். மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டுக் கண்ணாடி அசையாவிட்டால் விண்டோ மெஷினின் கேபிளோ பல்சக்கரமோ போயிருக்கிறது. கத்தரிக்கோல் போல் கைகள் விரியும் மெஷின் என்றால் ஒரு எச்சரிக்கை: அதில் கண்ணாடியின் பாரத்தைத் தாங்கும் வலுவான சுருள் ஸ்பிரிங் இருக்கிறது. மோட்டாரைக் கழற்றிய நொடியில் கை சீறி வெட்டும். பல்சக்கரத் தகட்டை கிளாம்ப் போட்டுப் பிடித்த பிறகே மோட்டார் போல்ட்டைத் தொடுங்கள். விரல் போனவர்கள் இருக்கிறார்கள்.

டோர் பேடை மாட்டும் முன், கதவை முழுக்கத் திறந்து, பாதி திறந்து, மூடி, மூன்று நிலையிலும் கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பாருங்கள். பிறகு பாலிதீன் தாள். அதன் கீழ் ஓரம் கதவின் உள்தகட்டுக்குள் செருகப்பட வேண்டும். கண்ணாடியில் வழியும் தண்ணீர் தாளில் இறங்கி, கதவுக்குள்ளேயே விழுந்து, அடியிலுள்ள துளைகள் வழியாக வெளியேறும். அந்தத் துளைகளை ஒரு குச்சியால் குத்தி மண்ணை எடுத்துவிடுங்கள். தாளை வெளியே தொங்கவிட்டுப் பேடை மூடினால் தண்ணீர் மிதியடிக்கு வரும், மிதியடியிலிருந்து எர்த் போல்ட்டுக்குப் போகும். அடுத்த மழை பெய்த மறுநாள் மிதியடிக்கு அடியில் கை வைத்துப் பாருங்கள்.